எண்ணெய்க் கை

என் இரண்டாவது மகள் வயிற்றில் இருந்தபோது, அவள் யாருடைய பிள்ளை என்று எங்கள் வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் அப்போது தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவர் என் கணவர். சிவகாசி வட்டாரத்தில், எம். புதுப்பட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கை, கழுத்து, காது மடல் எல்லாம் அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளி பூசியது போல மின்னும். அது சோப்புக்கு அசையாது. அதனால் வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கும். எண்ணெயை முழங்கை வரை தேய்த்துப் பழைய துணியால் துடைத்தால் பவுடர் கருஞ்சாந்தாகக் கழன்று வரும். அதற்குப் பிறகு இரண்டு வாளித் தண்ணீர். அவ்வளவுதான் குளியல். நகக்கண்ணில் மட்டும் எப்போதும் ஒரு வெள்ளிக் கோடு மிச்சமிருக்கும். கல்யாணமான புதிதில் அந்தக் கோடு எனக்குப் பிடித்திருந்தது.

நான் சிவகாசியில் கல்லூரி வரை படித்தவள். "எம்மருமக டிகிரி" என்று அத்தை, அதாவது என் மாமியார், தெருவில் எல்லோரிடமும் சொன்னார். பிற்பாடு மற்றதையெல்லாம் சொன்னதும் அதே வாய்தான்.

மூத்தவள் பிறந்தது ஆபரேஷனில். தையல் பிரித்த அன்று டாக்டரம்மா என் கணவரைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். கர்ப்பப்பையில் வெட்டிய இடம் நன்றாகக் கூட வேண்டும். இரண்டு வருடமாவது அடுத்தது கூடாது. அதற்கு முன்னால் தங்கினால் பிரசவ வலியில் தழும்பு விட்டுப்போகலாம். தாயும் மிஞ்சாமல் பிள்ளையும் மிஞ்சாமல் போகலாம். அவர் தலையை ஆட்டினார். காப்பர்-டி போட்டுவிடவா என்று நர்ஸ் கேட்டதற்கு, "கம்பி கிம்பியெல்லாம் உள்ள விட வேண்டாம்" என்று அத்தை சொல்லிவிட்டார். மாத்திரை தின்றால் பால் வற்றிவிடும் என்றும் அவரே சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. மிச்சமிருந்தது ஆணுறை ஒன்றுதான்.

ஊருக்கு வரும் நர்சம்மா அதைச் செய்தித்தாளில் பொட்டலமாகச் சுற்றிக் கொண்டுவந்தார். என்னை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப்போய், தன் கட்டைவிரலை நீட்டி அதில் மாட்டிக் காட்டினார்.

"தேதி பாத்துக்கோங்க. பல்லால கடிச்சுப் பிரிக்கக் கூடாது. நுனிய ரெண்டு விரலால அமுக்கிக் காத்த வெளியேத்திட்டு உருட்டி விடச் சொல்லுங்க. முடிஞ்சதும் அடியப் பிடிச்சுக்கிட்டே எடுக்கணும். ஒண்ணு ஒரு தடவைக்குத்தான். கழுவிக் காயப் போட்டுராதீக."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை. அப்படிக் காயப் போட்ட வீடு ஒன்றை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"வெக்கையில வைக்காதீக. தகரத்துக்குக் கீழ, அடுப்புக்குப் பக்கத்துல எல்லாம் வேண்டாம். கிழிஞ்சா மட்டும் மறைக்காம எங்கிட்ட வந்துரணும், என்ன? மூணு நாளைக்குள்ள மாத்திரை இருக்கு. எம்புட்டுக்கு எம்புட்டு சீக்கிரம் வாரீகளோ அம்புட்டுக்கு நல்லது."

அன்றைக்கே அதையெல்லாம் வரிசை மாறாமல் கணவரிடம் ஒப்பித்தேன். கிழிந்தால் சொல்ல வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "சரி, சரி, நான் என்ன சின்னப்பிள்ளையா" என்றார். பொட்டலத்தை என் துணிப்பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். பெட்டியைச் சுவரோரம், வெயில் படாத மூலைக்கு நகர்த்தினேன். அந்த இடத்தில் போதுமான குளிர்ச்சி இருக்கிறதா என்று மத்தியானங்களில் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

எதைச் செய்தாலும் அதைச் சரியாகச் செய்தோமா என்று திரும்பிப் பார்ப்பது என் சுபாவம். ஆனால் உபயோகித்ததை எங்கே போடுவது என்று நர்சம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவில் போட்டால் நாய் இழுக்கும், பிள்ளைகள் ஊதும். காகிதத்தில் சுருட்டி, காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டேன். வேறு ஊராக இருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. எங்கள் ஊரில் புதிதாக ஏதாவது கருகும் வாடை வந்தால் தூங்குகிறவர்கள்கூட எழுந்து ஓடுவார்கள். அத்தை பல் விளக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தார். குச்சியால் அடுப்பைக் கிளறினார். பாதி உருகிய ரப்பரை வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அன்று மாலைக்குள் மதினிக்குத் தெரிந்துவிட்டது. மதினி என் கணவரின் அக்கா. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அதே கம்பெனியில் பேக்கிங் வேலை.

"என்ன தம்பி, உன்னைய உறையில போட்டு வச்சிருக்காளாமே," என்று வாசலில் நின்று சிரித்தார்.

"திரியப் புடுங்குன வெடியா ஆக்கிட்டா எம்மகன," என்று அத்தை உள்ளேயிருந்து சொன்னார். "இனி அவன் எங்கன வெடிக்க."

என் கணவரும் சிரித்தார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது என்று அப்போது நினைத்தேன். அம்மாவும் அக்காவும் சிரிக்கும்போது தானும் சிரித்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு என்பது பிறகுதான் புரிந்தது.

டாக்டரம்மா சொன்னதை நான் அத்தையிடம் எடுத்துச் சொன்னேன். "நாங்கள்லாம் வருசத்துக்கு ஒண்ணு பெக்கலையா, செத்தா போயிட்டோம்," என்றார். அவர் பெற்றவர்களில் பிழைத்தவர்கள் இரண்டு பேர் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. எந்த மருமகள் சொல்வாள்.

பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் எனக்கு மாதவிலக்கு இன்னும் திரும்பியிருக்கவில்லை. ஆகவே நாள் தள்ளியதே தெரியவில்லை. ஒரு நாள் சோறு வடிக்கும்போது கஞ்சி வாடைக்குக் குமட்டியது. மறுநாளும் குமட்டியது. நர்சம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "கிழிஞ்சுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லா யோசிங்க." எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அத்தை என்னை நேராகக் கேட்கவில்லை. மகனுக்குச் சோறு போட்டுவிட்டு, குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏலே, நீ அதப் போட்டுக்கிட்டுத்தான படுக்க?"

அவர் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பெறகு இது எங்கன இருந்து வந்துச்சு?"

அவர் சோற்றைப் பிசைந்தார். நான் கதவுக்குப் பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். 'என்னம்மா பேசுற' என்று சொல்லியிருந்தால் போதும். 'சும்மா இரு' என்றாலும் போதும். அவர் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்து, தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

தனியாக இருக்கும்போது கேட்டேன். "நீங்களும் அப்படித்தான் நினைக்கீகளா?"

"நான் ஒண்ணும் நினைக்கலை."

"பெறகு ஏன் சொல்ல மாட்டேங்கீக?"

"அம்மா ரெண்டு நாளைக்குப் பேசும், ஓஞ்சிரும்."

அத்தை ஓயவில்லை. நான் போட்ட காப்பியைக் குடிக்கவில்லை. மூத்தவளை மடியில் வைத்துக்கொண்டு, "இது எம்மகன் ரத்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்ப்பார். நான் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய் வந்தால், எந்த பஸ்ஸில் வந்தேன், பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்று கேட்பார். கம்பெனியில் பேக்கிங் பெண்கள் என் கணவரைப் பார்த்து, "போட்ட பூட்டு போட்டபடி இருக்கு, வீட்டுக்குள்ள ஆள் வந்துருக்கு" என்று சிரித்தார்களாம். அதை மதினியே வந்து என்னிடம் சொன்னார். நான் எப்படி முகம் மாறுகிறேன் என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

இதில் கொடுமை என்னவென்றால், கொஞ்ச நாளில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சீட்டு கொடுக்கும்போது கண்டக்டரின் விரல் பட்டதா, மளிகைக் கடைக்காரரிடம் சிரித்துப் பேசினேனா என்று படித்தவள் ஒருத்தி உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். விரல் பட்டால் பிள்ளை வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசித்தேன்.

கலைத்துவிடலாமா என்று கேட்டேன். தழும்பு ஆறாத வயிற்றை நினைத்துத்தான் கேட்டேன். அத்தை சிரித்தார். "கலைச்சாத்தான எல்லாம் தெளிவாயிரும். கள்ளப்பிள்ளைன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும்." பெற்றாலும் குற்றம், கலைத்தாலும் குற்றம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கணவரிடம் கெஞ்சினேன். அம்மாவைக் கேட்டுக்கிறேன் என்றார்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அத்தை, மதினி, என் கணவர். சன்னிதிக்கு முன்னால் தரையில் அத்தை சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

"அவன் பிள்ளைதான்னா அணை."

உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். மேடிட்ட வயிற்றோடு குனிய முடியாமல் முட்டி போட்டுத்தான் அணைத்தேன். முதல் அடியில் அணையவில்லை. இரண்டாவது தடவை அழுத்தி வைத்தேன். உள்ளங்கையில் கரி ஒட்டி, நடுவில் கொப்புளம் எழும்பியது. என் கணவர் என் கையைப் பார்த்தார். பிறகு உண்டியலைப் பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் அத்தை மதினியிடம் சொன்னார்: "சூடத்த அணைக்க என்ன, கை இருந்தாப் போதும்."

மூத்தவளின் முதல் பிறந்தநாள் தீபாவளி சீசன் நேரத்தில் வந்தது. என்னைப் பற்றிய பேச்சு எவ்வளவு நாறினாலும் அவள் பிறந்தநாளை அத்தை விடவில்லை. அவள் அவர் மகன் ரத்தம் அல்லவா. சிவகாசியிலிருந்து கேக் வந்தது. ஒரு பாக்கெட் பலூன் வந்தது. நான் மத்தியானமே பாதியை ஊதிக் கட்டி ஒரு பக்கத்துச் சுவரில் தொங்கவிட்டேன். மூச்சு வாங்கியது, மீதியை அப்படியே வைத்துவிட்டேன். சாயங்காலம் கணவர் வந்து, எண்ணெய் தேய்த்துத் துடைத்துக் குளித்துவிட்டு, மீதியை ஊதி எதிர்ச் சுவரில் கட்டினார். மகள் கை தட்டினாள்.

கேக் வெட்டுவதற்குள் ஒன்று வெடித்தது. பிறகு இன்னொன்று. பிள்ளை அலறினாள். "வெடிக்காரன் வீட்டுப் பிள்ள சத்தத்துக்குப் பயந்தா எப்படி," என்று மதினி அவளைத் தூக்கிக்கொண்டார். மூன்றாவது வெடித்தபோதுதான் கவனித்தேன். வெடித்ததெல்லாம் அவர் கட்டியவை. என்னுடையவை ஒன்றுகூட அசையவில்லை. நான் எதிர்ச் சுவருக்குப் போய் மிச்சமிருந்ததைக் கிட்டத்தில் பார்த்தேன். சிவப்பு ரப்பரில் அவர் விரல் தடங்கள் பளபளவென்று இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் என் முகத்துக்கு முன்னால் வெடித்தது.

வந்தவர்கள் கேக் வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தேன். வீட்டில் நாங்கள் மட்டும் மிஞ்சியதும், துணிப்பெட்டியைத் திறந்து ஒரு ஆணுறையை எடுத்து வந்தேன். அத்தை முன்னால் உட்கார்ந்து கவரைப் பிரித்து அதை ஊதினேன்.

"சீ, பிள்ள பிறந்தநா அதுவுமா," என்றார் அத்தை.

"வித்தை காட்டுறா, பாரு," என்றார் மதினி.

முடிச்சுப் போட்டு அதைத் தரையில் வைத்தேன். தொட்டிப் பக்கம் போய் அவருடைய எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தேன். இரண்டு விரலில் தொட்டு அதன் மேல் தடவினேன். "பாருங்க அத்தை," என்றேன். ஒருவேளை வெடிக்காவிட்டால் என்ன செய்வேன் என்று தடவிய பிறகுதான் தோன்றியது. திரியைப் பற்றவைத்துவிட்டு விலகி நிற்பது போல எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் ஆனது. மதினி சிரிக்க வாயைத் திறந்தார். படீரென்று கிழிந்து சுருண்டது.

அத்தை மகனைப் பார்த்தார். "ஏலே, எண்ணெய்க் கையோடயா?"

"ம்," என்றார் அவர்.

மதினிதான் அதற்குமேல் கேட்டார். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஒரு விஷயத்தில் பாதியை மட்டும் தெரிந்துகொண்டு அவரால் இருக்க முடியாது. "கிழிஞ்சா தெரியாமயா போகும் தம்பி?"

அவர் மகளின் வாயில் ஒட்டியிருந்த கேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்."

"என்னலே தெரியும்?"

"ஒரு தடவ கிழிஞ்சுச்சு. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வந்தவுகள்லாம் போன அன்னைக்கு."

நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அதற்கு மறுநாள் காலையில் காகிதச் சுருளை அவரே எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டது ஞாபகம் வந்தது. உதவி செய்கிறார் என்று சந்தோஷப்பட்டிருந்தேன்.

"மூணு நாளைக்குள்ள சொல்லணும்னு சொன்னேன்ல?" என்றேன்.

"மறந்துட்டேன்."

"நான் சூடம் அணைக்கும்போதும் மறந்துட்டீகளா?"

அவர் விரலில் ஒட்டிய கேக்கைத் துண்டில் துடைத்தார். "அம்மா முன்னாடி அதை எப்படிச் சொல்ல."

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே மலர்ந்தது. அவர் மகனின் முதுகைத் தடவிக் கொடுத்தார். "சின்னதுலருந்தே அப்படித்தான் இவன். கூச்ச சுபாவம். தப்புப் பண்ணிட்டான்னா அடிச்சுக் கொன்னாலும் வாயத் திறக்க மாட்டான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவதான? எண்ணெய் பட்டா ரப்பர் என்ன ஆகும்னு தெரியாமலா இருந்த? மொதல்லயே சொல்லிருந்தா இம்புட்டுக்கு வந்திருக்குமா? சரி சரி, கேக்க எடுத்து மூடி வை, எறும்பு வருது."

கேக்கை எடுத்து மூடி வைத்தேன்.

அந்த வாரமே நர்சம்மாவிடம் போய்ச் சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "எண்ணெய் ஆகாதுன்னு எனக்குத் தெரியும்மா. அத யாரு தடவப் போறாகன்னு விட்டுட்டேன்." அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து வீடுகளில் பொட்டலம் கொடுக்கும்போதெல்லாம், "கையை சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவிட்டுத்தான் தொடச் சொல்லுங்க. தேங்காய் எண்ணெய், வாஸ்லின் எதுவும் ஆகாது. வறட்சியா இருந்தா மெடிக்கல்ல தண்ணியில கரையுற ஜெல்லி இருக்கு, அது வாங்குங்க," என்று சொல்ல ஆரம்பித்தார்.

பிரசவத்துக்குப் போனபோது திட்டு வாங்கியது நான்தான். "படிச்ச பொண்ணு, சொன்னா கேட்க மாட்டியா?" என்று டாக்டரம்மா கேட்டார். கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலி வருமுன்னே அறுத்து எடுத்துவிட்டார்கள். தழும்பு காகிதம் போல மெலிந்திருந்ததாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். பெண் பிள்ளை. அத்தை துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "அப்படியே எம்மகன் மூக்கு" என்றார். அந்த வார்டில் இருந்த எல்லோரிடமும் அதைச் சொன்னார், ஏதோ அவர்தான் கண்டுபிடித்தது போல. கையோடு கையாகக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணிவிடலாமா என்று நர்ஸ் கேட்டதற்கு, "ஆம்பளப் பிள்ள வேணும்ல" என்று அவரே பதில் சொல்லிவிட்டார். கணவர் தலையை ஆட்டினார். டாக்டரம்மா முன்னால் ஆட்டியதும் இதே தலைதான்.

ஆகவே மறுபடியும் ஆணுறைதான். இந்தத் தடவை எதையும் நான் அவரிடம் ஒப்பிக்கவில்லை. எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் சோப்பும் நகம் தேய்க்கப் பழைய பிரஷும் வைத்தேன். தேதியை நான் பார்க்கிறேன், கவரை நான் பிரிக்கிறேன். முடிந்ததும் கிழிந்ததா என்று அவரைக் கேட்பதில்லை. விளக்கைப் போட்டு நானே பார்க்கிறேன். அவருக்கு அது அவமானமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்ததும் கையைப் பிடித்து விரல்களை முகர்ந்து பார்க்கிறேன். அத்தை இதைப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "எம்மருமகளுக்கு அவன் மேல எம்புட்டு ஆசைங்கீக. வேலை முடிஞ்சு வந்தா கையப் பிடிச்சு மோந்து பாக்கா."

நான் மறுக்கவில்லை. தேங்காய் எண்ணெய் வாடை இருந்தால் கையை விட்டுவிட்டு சோப்பை எடுத்து நீட்டுகிறேன். அவர் வாங்கிக்கொண்டு தொட்டிக்குத் திரும்பிப் போகிறார்.